புல் விரிக்கத் தோண்டிய இடம்

என் கணவருக்கு நெஞ்சுவலி வந்து, வேலூரில் ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பிய பிறகு, அவர் மூச்சு விடுவதைக் கவனிப்பதே எனக்கு ஒரு வேலையாகிப் போனது. சோஃபாவில் சாய்ந்து கண்ணயர்ந்தால் சட்டைப் பொத்தான் ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பேன். குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்று கொஞ்ச நேரம் ஆகிவிட்டால் கதவைத் தட்டுவேன். "இன்னா, உயிரோடதான் இருக்கேன்" என்று உள்ளேயிருந்து குரல் வரும். அவர் சிரித்துக்கொண்டுதான் சொல்வார். எனக்குச் சிரிப்பு வராது.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சாதாரண வேலையில் சேர்ந்து, கடைசியில் வெளிநாட்டு வியாபாரிகளோடு பேசி ஆர்டர் பிடிக்கும் மேனேஜர் ஆனவர் அவர். சாம்பிள் ஷூக்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவார். அந்தப் பயணங்களில்தான் கோல்ஃப் பழகினார். அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் வியாபாரிகள் இவரை மைதானத்துக்கு அழைத்துப் போவார்களாம். முதலில் கூட நடந்தார், பிறகு மட்டையைப் பிடித்தார், அப்புறம் விட முடியவில்லை. ஆம்பூரில் அதற்கு ஏது இடம்? பெங்களூருக்குப் போகும்போது எப்போதாவது ஆடுவார். நெஞ்சுவலிக்குப் பிறகு வேலையையும் விட்டார், அந்தப் பயணமும் நின்றது.

ஒருநாள் பின்வாசலில் நின்று காப்பி குடித்துக்கொண்டிருந்தவர் சொன்னார்:

"இந்த இடம் சும்மாதானே கிடக்குது. ஒரு பட்டிங் கிரீன் போட்டுக்கலாம்மா."

கோல்ஃபில் கடைசியாகப் பந்தை மெதுவாகத் தட்டிக் குழிக்குள் விடுவார்கள் அல்லவா, அந்த இடத்தின் வழுவழுப்பான குட்டைப் புல்தரைக்குத்தான் அந்தப் பெயர். எங்கள் மண்ணில் அந்தப் புல் முளைக்காது. போர் தண்ணீர் உப்பு. கோடையில் தரையே வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். வெகுநாள் முன்பு நான் வைத்த கொய்யா பட்டுப்போனது, ஒரு முருங்கை மட்டும் எப்படியோ நிற்கிறது. அதனால் செயற்கைப் புல்தான் என்றார். நான் உடனே சரி என்றேன். ஓடவேண்டாம், வெயிலில் அலையவேண்டாம், சமையலறை ஜன்னலைத் திறந்தால் என் கண்ணெதிரே இருப்பார். நான் நினைத்தது அவ்வளவுதான்.

புல் போட வந்தவர் வேலூர்க்காரர், முப்பது வயதுக்காரர். இப்போது எங்கள் பக்கம் ஊருக்கு ஊர் வலை கட்டி, பச்சை விரித்து, மணிக்கணக்கில் கிரிக்கெட் ஆட விடுகிறார்களே, அந்த டர்ஃப் மைதானங்களைப் போடுகிறவர். ஒரு வீட்டில் பட்டிங் கிரீன் போடுவது அவருக்கு இதுதான் முதல் தடவை. அதனால் அவருக்கும் உற்சாகம் தாங்கவில்லை. என் கணவரும் அவரும் தரையில் குந்தி உட்கார்ந்து, எங்கே மேடு, எங்கே சரிவு, எங்கே குழி என்று சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டுக்கொண்டிருந்ததை நான் ஜன்னலில் பார்த்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் வெளிச்சம் இருந்தது.

வேலைக்கு அண்ணன் தம்பி இருவர் வந்தார்கள். பள்ளிகொண்டா பக்கத்து ஊர். அண்ணன்காரர் நாற்பதை நெருங்குகிறவர், அதிகம் பேசமாட்டார், மெஷின் வேலை எல்லாம் அவர்தான். தம்பிக்குக் கல்யாணம் ஆகிக் கைக்குழந்தை இருந்தது. போனில் அதன் படத்தை என்னிடம் காட்டினார்.

எனக்கு அப்போது பரீட்சை லீவு. மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை நான். வீட்டில் இருந்ததால் ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் அரையடி ஆழத்துக்கு மண்ணை வெட்டி எடுத்தார்கள். தரையை மட்டம் பார்த்தார்கள். அதன் மேல் ஜல்லி, அதன் மேல் கிரஷரில் அரைத்த கல்தூள் என்று பரப்பி, தண்ணீர் விட்டு இறுக்கி, பிறகுதான் புல்லை விரிக்க வேண்டுமாம். புல் ஏற்கெனவே வந்து பின்சுவர் ஓரம் கம்பளம் மாதிரி சுருட்டிக் கிடந்தது.

தண்ணீர் விட்ட அன்றுதான் முதல் பயம் வந்தது.

தம்பி ஹோஸ் பைப்பைப் பிடித்து ஜல்லி மேல் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தார். எல்லா இடத்திலும் தண்ணீர் தேங்கி மெல்ல இறங்கியது. நடுவில் ஓரிடத்தில் மட்டும் தேங்கவேயில்லை. ஊற்ற ஊற்ற உள்ளே போய்க்கொண்டே இருந்தது. கிட்டே போய்க் குனிந்தேன். தொண்டைக்குள் தண்ணீர் இறங்கினாற்போல, கீழே எங்கேயோ ஒரு சத்தம் கேட்டது.

"இங்க உள்ள ஓட்டை இருக்குது" என்றேன்.

டர்ஃப்காரர் வந்து பார்த்தார். "எலி வளை மேடம். எல்லா சைட்லயும் வரும். கொஞ்சம் ஜல்லி ஜாஸ்தியா போட்டு அமுக்கிட்டா சரியாப்பூடும்."

"இவ்ளோ தண்ணி எலி வளையில போகுமா?"

"டீச்சருக்கு எல்லாத்துக்கும் பதில் வேணும்" என்று என் கணவர் சிரித்தார். நெஞ்சுவலிக்குப் பிறகு நான் எதையெடுத்தாலும் பயப்படுகிறேன் என்பது அவருடைய கட்சி. அதில் உண்மையும் இருந்தது. காய்கறிக்காரர் பெல் அடித்தால்கூட எனக்குத் திக்கென்றது அந்த நாட்களில். அதனால் இதுவும் அந்த மாதிரி ஒரு பயம் என்று என்னையே சமாதானம் செய்துகொண்டு உள்ளே போனேன்.

மறுநாள் காலையில் பின்கதவைத் திறந்ததும் ஒரு வாடை. அழுகிய முட்டை வாடை, லேசாகத்தான் இருந்தது. ஆம்பூரில் வாடை ஒரு செய்தியே அல்ல. காற்று திரும்பினால் தோல் பதனிடும் வாடை வரும், திரும்பிப் போனால் போய்விடும். வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பிடிப்பார்கள், நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருப்போம். ஆனால் இந்த வாடை காற்றில் வரவில்லை. காற்று அன்றைக்கு அசையவே இல்லை. தரையிலிருந்து வந்தது.

"டிரெய்னேஜ் பைப்பு எங்கயாவது உடைஞ்சிருக்கும். இந்த வேலை முடிஞ்சதும் பிளம்பரைக் கூப்பிடலாம்" என்றார் இவர்.

"முதல்ல பார்த்துட்டு அப்புறம் வேலை செய்யலாம்ங்க."

"அவங்க மெஷினை வாடகைக்கு எடுத்துட்டு வந்துட்டாங்கம்மா. இன்னிக்கி அமுக்கிட்டாங்கன்னா நாளைக்கிப் புல்லு. சும்மா பேஜார் பண்ணாதே."

மெஷின் என்பது தரையை இறுக்குகிற காம்பாக்டர். அடியில் கனமான இரும்புத் தகடு, மேலே மோட்டார், தள்ளிக்கொண்டு போக ஒரு கைப்பிடி. அண்ணன்காரர் அதை ஓட்ட ஆரம்பித்ததும் சமையலறை அலமாரியில் தட்டுகள் கிடுகிடுவென்று ஆடின. நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். சத்தம் ஒரே சீராக வந்தது. அந்தச் சீரான சத்தத்துக்குள் ஒரு இடத்தில் மட்டும், மெஷின் அங்கே வரும்போதெல்லாம், பானை மேல் தட்டினாற்போல வேறு ஒலி. திரும்பத் திரும்ப அதே இடத்தில். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே, நிறுத்தச் சொல்ல வாசலுக்கு வந்தேன்.

என் வாய் திறக்கவில்லை, அதற்குள் தரை திறந்தது.

வெடிச்சத்தம் எதுவும் இல்லை. கல் உடையும் ஒரு மொத்தையான ஒலி, அவ்வளவுதான். மெஷின் முன்பக்கமாகக் குப்புறக் கவிழ்ந்து காணாமல் போனது. அண்ணன்காரர் இடுப்பு வரை உள்ளே போய், இரண்டு முழங்கைகளையும் ஜல்லியில் ஊன்றித் தொங்கினார். எங்களைப் பார்த்தார். அந்த முகத்தில் வலிகூட இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது. தம்பி ஓடுவதற்குள் அவர் முழங்கைக்குக் கீழிருந்த கல்லும் உடைந்து, அவரும் போய்விட்டார்.

பிறகு அந்த வாடை எழுந்து வந்தது. முகத்தில் அறைந்தாற்போல. கண் எரிந்தது. ஜல்லிக்குக் கீழே ஒரு கருங்கல் பலகை பிளந்து கிடந்தது. அதற்கும் கீழே இருட்டு.

"அண்ணா! அண்ணா!" என்று தம்பி கத்தினார்.

கீழேயிருந்து குரல் வந்தது. "இருக்கேன்டா. சேறு. நெஞ்சு வரைக்கும் சேறு."

உயிரோடு இருக்கிறார் என்று எல்லோரும் மூச்சு விட்ட அந்தக் கணத்தில்தான் எனக்கு உண்மையான பயம் வந்தது. ஏனென்றால் வாடை நின்றுவிட்டது. எனக்கு மட்டுமா என்று பார்த்தேன். டர்ஃப்காரர் மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டிருந்தார்.

ஒவ்வொரு வருடமும் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு இதை நான் சொல்லிக்கொடுக்கிறேன். ஹைட்ரஜன் சல்ஃபைடு. அழுகிய முட்டை வாடை. காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தங்கும். கொஞ்சமாக இருந்தால் வாடை அடிக்கும். அதிகமானால் மூக்கு மரத்துப்போகும். வாடை போய்விட்டதே என்று நினைத்தீர்களானால் அப்போதுதான் ஆபத்து. இதைச் சொல்லும்போது கடைசி பெஞ்சுப் பிள்ளைகள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள். அவர்கள் வீடுகளில் இந்தக் கதை தெரியும். எங்கள் பக்கத்துத் தோல் தொழிற்சாலைக் கழிவுத் தொட்டிகளில் ஒருவர் இறங்கி மயங்குவார், அவரைத் தூக்க இன்னொருவர் இறங்குவார், அந்த இருவரையும் தூக்க மூன்றாமவர். அப்படிப் போன ஒருவருடைய மகளுக்கு நான் வகுப்பு ஆசிரியையாக இருந்திருக்கிறேன்.

என் கணவர் குழியின் விளிம்பில் மண்டியிட்டிருந்தார். ஒரு காலை உள்ளே தொங்கவிட்டு, ஊன்றிக்கொள்ள எதையாவது தேடிக்கொண்டிருந்தார். ஒரு ஆள் உயரம்தான் இருக்கும், இறங்கித் தூக்கிவிடலாம் என்று நினைத்திருக்கிறார். பின்னாலிருந்து அவர் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்தேன்.

"விடு."

"மாட்டேன்."

"விடுன்னு சொல்றேன்ல! அந்த ஆளு செத்துடுவான்!"

"நீங்க இறங்கினா ரெண்டு பொணம்" என்று கத்தினேன். "உள்ள விஷக் காத்து இருக்குது. யாரும் இறங்காதீங்க. தம்பியைப் பிடிங்க, அவரைப் பிடிங்க!"

டர்ஃப்காரர் தம்பியை இடுப்போடு கட்டிக்கொண்டார். தம்பி அவரைக் கையாலும் காலாலும் உதைத்தார். நான் என் கணவரைத் தரையோடு பின்னால் இழுத்தேன். ஸ்டென்ட் வைத்த உடம்பு அது. அவர் முழங்கை என் தாடையில் பட்டு உதடு கிழிந்தது எனக்கு அப்போது தெரியவில்லை.

கீழேயிருந்து இருமல் கேட்டது. "தலை சுத்துதுடா" என்றது குரல். முன்பைவிட மெதுவாக.

கயிறு இல்லை. துணிக்கொடி நைலான் கயிறு மெல்லியது, அறுந்துவிடும். ஏணி பக்கத்து வீட்டில் இருந்தது. பக்கத்து வீட்டு பாய் சத்தம் கேட்டுச் சுவர் மேல் தலையை நீட்டினார். "ஏணி கொண்டாங்க பாய், சீக்கிரம்!" என்று கத்தினேன். டர்ஃப்காரர்தான் சுவரோரம் கிடந்த புல் சுருளைப் பார்த்தார். தம்பியை என் கணவரிடம் தள்ளிவிட்டு ஓடினார். புல் வெட்டுகிற கத்தியால் சுருளில் ஒரு முழ அகலத்துக்கு நீளமாக ஒரு பட்டையைக் கிழித்தெடுத்தார். அதன் நுனியில் தலையும் ஒரு கையும் நுழைகிற அளவுக்கு நெடுகக் கீறினார். 

"அண்ணே! புல்லு வருது பாரு. தலையையும் ஒரு கையையும் உள்ள விட்டுக்கோ! கேக்குதா?"

பதில் இல்லை.

தரையில் தூசு ஊதுகிற ப்ளோயர் ஒன்றை வைத்திருந்தார்கள், பெட்ரோலில் ஓடுவது. அதைத் தம்பி கையில் கொடுத்து, "இதப் பிடிச்சு உள்ள ஊதுப்பா, அண்ணனுக்குக் காத்து வேணும்" என்றேன். அவருக்கும் ஒரு வேலை கிடைத்தது. முகத்தைப் பின்னால் திருப்பிக்கொண்டு, அழுதபடி ஊதினார். எல்லோரும் மூச்சை அடக்கி அடக்கிப் பார்த்தோம். பச்சைப் பட்டை இருட்டுக்குள் தொங்கியது. அசையவில்லை. பிறகு கொஞ்சம் அசைந்தது. பிறகு கனத்தது.

"இழு!" என்றார் டர்ஃப்காரர்.

பாய் அதற்குள் ஏணியை அந்தப் பக்கம் சாத்திச் சுவரேறிக் குதித்துவிட்டார், அறுபதைத் தாண்டியவர். தம்பி ப்ளோயரை விளிம்பில் வைத்துவிட்டு ஓடிவர, நாங்கள் ஐந்து பேரும் பட்டையைத் தோளில் சுற்றிக்கொண்டு வீட்டை நோக்கி இழுத்தோம். சேறு அவரை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டது. விட்டது. தலை தெரிந்தது, சாம்பல் பூசிய மாதிரி. சேற்றில் மயிர் கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்தது. அது என்ன மயிர் என்று அந்த நேரத்திலும் என் மனம் கேட்டது. தரையில் இழுத்துப் போட்டபோது கண் மேலே செருகியிருந்தது. வாயில் நுரை.

"மூச்சு இருக்குது" என்றார் பாய், அவர் மார்பில் காதை வைத்து. "இருக்குது, கம்மியா இருக்குது. வண்டி எடுங்க!"

ஆம்புலன்ஸுக்குச் சொன்னோம். ஆனால் அது வரும் வரை காத்திருக்கிற தைரியம் யாருக்கும் இல்லை. டர்ஃப்காரரின் வண்டியில் பின்னால் படுக்க வைத்து, எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், அங்கே ஆக்ஸிஜன் மாட்டி, ஆம்புலன்ஸில் வேலூருக்கு அனுப்பினார்கள். நாங்கள் காரில் பின்னால் போனோம். நான்தான் ஓட்டினேன். பள்ளிகொண்டா டோல்கேட்டில் முன்னால் லாரி வரிசை. ஆம்புலன்ஸ் ஓரமாகப் புகுந்து போய்விட்டது, நாங்கள் மாட்டிக்கொண்டோம். பக்கத்தில் இவர் இடது கையை மடியில் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தார்.

"நெஞ்சு வலிக்குதா?" என்றேன்.

"கை இழுத்ததுல வலி."

"இடது கையா?"

"ரெண்டு கையும். பாதையைப் பாரு."

அவர் குரலில் கோபம் இருந்தது. அந்த வழி முழுக்க எனக்குள் இரண்டு பேருக்கான பயம் ஓடியது. முன்னால் போகிற வண்டியில் இருப்பவர் செத்துவிடக்கூடாது. பக்கத்தில் இருப்பவரும் செத்துவிடக்கூடாது. இந்த இரண்டில் எது பெரிய பயம் என்று யாராவது கேட்டால் நான் என்ன சொல்வேன் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அதையும் நினைத்துப் பயந்தேன்.

இவருக்கு ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. அண்ணன்காரரைத் தீவிர சிகிச்சையில் வைத்தார்கள். நுரையீரலில் சேற்றுத் தண்ணீர் போயிருந்தது. பிழைப்பார் என்று உறுதியாகச் சொல்ல டாக்டர்கள் சில நாள் எடுத்துக்கொண்டார்கள். அந்த நாட்களில் போன் அடித்தால் நான் எடுக்கமாட்டேன். இவர்தான் எடுப்பார். நான் அவர் முகத்தைப் பார்ப்பேன்.

இரண்டாவது நாளோ மூன்றாவது நாளோ சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து இவர் கேட்டார்: "அவன் பொண்டாட்டி வந்து கேட்டா இன்னா சொல்லுவ? என் புருஷன் மட்டும் இறங்கக்கூடாதுன்னு பிடிச்சுக்கிட்டேன்னா?"

"தம்பியையும்தான் பிடிக்கச் சொன்னேன்."

"முதல்ல யாரைப் பிடிச்ச?"

நான் என் தட்டைத் தள்ளிவைத்தேன். அவரும் சாப்பிடவில்லை. தான் வேண்டும் என்று கேட்ட விளையாட்டுக்காக ஒருத்தர் சாகக் கிடக்கிறார் என்பது அவரைக் குடைந்தது. இறங்கியிருந்தால் அந்தப் பாரம் கொஞ்சம் குறைந்திருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ. அது எனக்குப் புரிந்தது. புரிந்தாலும், மறுபடி அப்படி நடந்தால் மறுபடியும் அவர் பெல்ட்டைத்தான் பிடிப்பேன்.

வார்டுக்கு மாற்றிய பிறகு பார்க்கப் போனோம். அவர் மனைவி படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சுச் சுளையில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் வேலை செய்கிறவர். என்னைக் கண்டதும் எழுந்தார். நான் தயாராக வைத்திருந்த வார்த்தைகளைச் சொல்வதற்குள், அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க கொழுந்தன் எல்லாம் சொன்னாருக்கா. நீங்க கத்தலைன்னா அவரும் குதிச்சிருப்பாராம்." கொஞ்சம் நிறுத்திச் சொன்னார்: "நான் அங்க இருந்தா நானும் குதிச்சிருப்பேன். நீங்க சொன்னாலும் கேட்டிருக்க மாட்டேன். என்னையும் யாராவது பிடிச்சிருக்கணும்."

படுத்திருந்தவர் என் கணவரைப் பார்த்து, "சார், மெஷின் இன்னா ஆச்சு?" என்று கேட்டார். குரல் கரகரவென்று இருந்தது. இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டில் வேறொரு பயம் காத்திருந்தது. அந்தக் குழி என்ன என்பதைப் பாய்தான் சொன்னார். எங்கள் லேஅவுட் வருவதற்கு வெகு முன்பு, அவர் சின்ன வயதில், அங்கே தோல் பதனிடும் ஒரு சின்ன டேனரி இருந்ததாம். தோலிலிருந்து மயிர் கழல்வதற்காக ஊறவைக்கும் சுண்ணாம்புத் தொட்டிகள் இருந்தனவாம். மூடியபோது சுத்தம் செய்தார்களா, அப்படியே கல் பலகை போட்டு மண்ணைத் தள்ளிவிட்டார்களா, அவருக்குத் தெரியாது.

"தொட்டிகளா? எத்தனை பாய்?"

"வரிசையா இருந்துச்சு டீச்சரம்மா. நாங்க சின்னப் பசங்க, கிட்ட விடமாட்டாங்க. ஒண்ணு இல்ல. அது மட்டும் ஞாபகம் இருக்குது."

அதற்குப் பிறகு நான் பின்வாசலைத் தாண்டவில்லை. சமையலறையில் நிற்கும்போதுகூடக் கால் விரல்கள் தரையைக் கவ்விக்கொள்ளும். குக்கர் விசில் அடித்தால் தரை அதிர்கிறதா என்று பார்ப்பேன். வீட்டுக்கு வெளியே போய்விடலாம், வாடகைக்கு எங்காவது இருக்கலாம் என்றேன். இவர் ஒரு இன்ஜினியரை அழைத்து வந்தார். அவர் வீட்டின் அஸ்திவாரத்தைச் சுற்றிப் பல இடங்களில் ஆழமாகத் துளை போட்டுப் பார்த்து, வீடு கெட்டி மண்ணில்தான் நிற்கிறது என்றார். பிறகு நீளமான இரும்புக் கடப்பாறையை எடுத்துப் பின்பக்கம் முழுக்க அடிக்கு ஒரு தரம் தட்டிக்கொண்டே வந்தார். நான் படியில் நின்று கேட்டேன். மண்ணில் பட்டால் தொப்பென்று செத்த ஒலி. இரண்டு இடத்தில் மட்டும் ஒலி உயிரோடு வந்தது. ஒன்று, விழுந்த குழியை ஒட்டி. இன்னொன்று துணிக்கொடிக்குக் கீழே.

அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து தினமும் ஈரத்துணி பக்கெட்டோடு நான் நின்ற இடம் அது. எங்கள் மகள் குழந்தையாக இருந்தபோது போர்வைக்குப் பின்னால் ஒளிந்து குதித்து விளையாடிய இடம். அவள் குதித்தது ஒவ்வொன்றும் என் காலுக்குள் அப்போது இறங்கியது. வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இன்னொரு பயம் தாமதமாக வந்தது. ஒரு மதியம் பாத்திரம் துலக்கும்போது சட்டென்று நினைவுக்கு வந்தது: அந்த வாயு எரியும். நீலச் சுடரோடு எரியும் என்று நானே கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். பெட்ரோலில் ஓடுகிற ப்ளோயரைக் குழிக்குள் நீட்டச் சொன்னதும் நானேதான். ஒரு பொறி போதும். தம்பியும், கீழே இருந்தவரும், நாங்கள் எல்லோரும். ஈரக்கையோடு போய் இவரிடம் சொன்னேன். 

"காத்து உள்ள போனதாலதான் பிழைச்சான்னு டாக்டர் சொன்னாரு."

"ஆனா வெடிச்சிருக்கலாம்ங்க."

"வெடிக்கல இல்ல?" என்றார். பிறகு என் தாடையில், காயம் ஆறிய இடத்தில், விரலால் தொட்டார். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவர் என்னைத் தொட்டது அப்போதுதான். "அன்னிக்கி நீ என்னைப் பிடிச்சது சரிதான். என்னால அதை ஒத்துக்க முடியல. அவ்ளோதான்."

தொட்டிகளை நாங்களே திறக்கவில்லை. அதிகாரிகளுக்குச் சொல்லி, அந்த வேலைக்கென்றே இருக்கிறவர்கள் முகமூடியும் சிலிண்டருமாக வந்து, சேற்றை டேங்கரில் உறிஞ்சி எடுத்துப் போனார்கள். மெஷினும் வெளியே வந்தது, துருவும் மயிருமாக. பிறகு கருங்கல்லும் மணலும் போட்டு, மேலே கான்கிரீட் ஊற்றி மூடினோம். அது இறுகும் வரை இவர் அந்தப் பக்கமே போகவில்லை. புல் வேண்டாம் என்றார். சிமென்ட் தரையாகவே கிடக்கட்டும் என்றார்.

ஆனால் டர்ஃப்காரர் விடவில்லை. வேலையைப் பாதியில் விட்டால் தனக்குத் தூக்கம் வராது என்று போன் செய்துகொண்டே இருந்தார். அண்ணன்காரரும் வருவேன் என்றாராம். அவர் வரவேண்டாம் என்று நான் கெஞ்சினேன். வந்தார். இளைத்திருந்தார், படி ஏறினால் இருமினார். முதல் தடவை அந்தத் தரையில் கால் வைப்பதற்கு முன் ஓரத்தில் நின்று, குனிந்து, உள்ளங்கையால் தட்டிப் பார்த்தார். இன்னொரு தரம் தட்டினார். பிறகுதான் ஏறினார். தம்பி அவருக்கு ஒரு அடி பின்னாலேயே நின்றார், கை எட்டுகிற தூரத்தில்.

இந்தத் தடவை காம்பாக்டருக்கு வேலை இல்லை. புல்லை விரித்தார்கள், ஓரம் சேர்த்து ஒட்டினார்கள், மெல்லிய மணலைத் தூவி பிரஷ்ஷால் தேய்த்து உள்ளே இறக்கினார்கள். பந்து விழுகிற குழிகளுக்கு அதற்கு முன்பே கான்கிரீட்டில் துளை போட்டிருந்தார்கள். மாலையில் பச்சையாகத் தரை பளபளத்தது. இவர் மட்டையை எடுத்து வந்தார். பந்தைத் தட்டவில்லை, மட்டையை அண்ணன்காரரிடம் நீட்டினார். அவர் வெட்கப்பட்டுச் சிரித்து, துடைப்பத்தைப் பிடிப்பதுபோல் பிடித்து, ஓங்கித் தட்டினார். பந்து குழியைத் தாண்டி முருங்கையில் மோதித் திரும்பியது. எல்லோரும் சிரித்தார்கள். நான் படியில்தான் நின்றேன்.

இப்போது இவர் தினமும் அங்கே ஆடுகிறார். துணிக்கொடியை மாடிக்கு மாற்றிவிட்டேன். புல்லின் மேல் நானும் நடக்கிறேன், நடுவில் போகும்போது என்னையறியாமல் வேகமாகக் கடக்கிறேன். கீழே கல்லும் கான்கிரீட்டும்தான் என்பது எனக்குத் தெரியும். கால் அதை நம்பவில்லை.

போன மாதம் பாய் வந்தார். அவர் வீட்டுக்குப் பின்னால் பேரப்பிள்ளைகளுக்கு ஊஞ்சல் போட இடம் பார்க்கிறாராம். "கடப்பாறை வாங்கி வச்சிருக்கேன் டீச்சரம்மா. தட்டுறதுக்கு எனக்குக் கை வரல. நீங்க வந்து சத்தத்தக் கேளுங்க" என்றார்.

நாங்கள் இருவரும் போனோம். அவர் மருமகள் பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்துக் கதவைத் தாழிட்டிருந்தார். ஜன்னல் கம்பியில் சின்ன முகங்கள் ஒட்டியிருந்தன. இவர் கடப்பாறையைப் பிடித்தார், இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனை பாய் கையில். நான் சுவரோரம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். தொப். தொப். மூலையில் வாழைக்குக் கொஞ்சம் முன்னால் வரும்போது ஒலி மாறியது.

"அங்க நிக்காதீங்க" என்றேன்.

இவர் எதுவும் கேட்கவில்லை. கடப்பாறையை அங்கேயே போட்டுவிட்டு, பின்னாலேயே, ஒவ்வொரு அடியாக வைத்து எங்களிடம் வந்தார்.